மாம்பலம் முதல் சிங்கப்பெருமாள் கோவில் வரை: ரயில் பயணத்தில் ஜப்பானிய மொழி படிக்க எந்தக் கருவி, எந்த முறை?

மாம்பலம் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஒரகடத்தில் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் தலைமை நிறுவனம் ஜப்பானில் இருப்பதால் வரைபடக் குறிப்புகளும் குறைபாட்டு அறிக்கைகளும் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே வந்து சேர்கின்றன. மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்காமல் அவற்றை நானே படிக்க வேண்டும் என்ற விருப்பத்தில் இரண்டரை ஆண்டுகளாக ஞாயிறு வகுப்புக்குச் செல்கிறேன். கடந்த டிசம்பரில் ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வின் என்4 நிலையில் 180-க்கு 103 பெற்றுத் தேறினேன்; ஆனால் கேட்டல் பகுதியில் கிடைத்தது 60-க்கு 23 தான். வரும் டிசம்பரில் சென்னை மையத்தில் அதற்கு அடுத்த மேல்நிலையான என்3 எழுத இருக்கிறேன். அந்த நிலையில் மொத்தம் 95 பெற்றால் தேறலாம் என்றாலும், மொழியறிவு, வாசித்தல், கேட்டல் ஆகிய மூன்றில் எதிலும் 19-க்குக் கீழே போகக் கூடாது என்பதால், கேட்டலில் கோட்டை விட்டுவிடுவேனோ என்ற அச்சம் இருக்கிறது.

வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். இரவு அவர்கள் உறங்கிய பிறகு எனக்குக் கிடைப்பது அரை மணி நேரம்தான். ஆனால் பயணத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழிகிறது. காலையில் மாம்பலத்தில் ஏறினால் தாம்பரம் வரை நின்றுகொண்டுதான் செல்ல வேண்டும். அதன் பிறகு பெரும்பாலும் இடம் கிடைக்கும். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி நிறுவனப் பேருந்தில் மேலும் இருபத்தைந்து நிமிடம். மாலையில் இருக்கை கிடைத்துவிடும் என்றாலும் பொத்தேரியில் மாணவர்கள் ஏறியதும் பெட்டி நிறைந்து, புத்தகத்தை விரித்துப் பிடிக்க முடியாத நிலை ஏற்படும்.

என்னிடம் இருப்பவை ஓர் ஆண்ட்ராய்டு செல்பேசி, கம்பியில்லா இயர்போன், தாயகம் திரும்பிய ஜப்பானிய மேலாளர் ஒருவர் அன்புடன் தந்துவிட்டுப் போன கேசியோ மின் அகராதி. மூன்று மாதங்களாக நண்பரிடம் இரவல் வாங்கிய டேப்லெட்டில் என்3 இலக்கணப் பாடங்களை ரயிலிலேயே புதிதாகப் படித்து வந்தேன். நாளுக்கு இரண்டு பாடம் முடித்த நிறைவு இருந்தது. ஆனால் ஞாயிறு வகுப்பில் ஆசிரியர் கேட்டபோது ஒன்றைக்கூட வாக்கியத்தில் அமைக்க முடியவில்லை. சொற்களுக்கு அன்கி செயலியில் அட்டைகள் வைத்திருக்கிறேன். முன்பக்கம் கன்ஜி எனப்படும் சீன வழி எழுத்து, பின்பக்கம் அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அவையும் அறுநூறுக்கு மேல் தேங்கிக் கிடக்கின்றன. கன்ஜியைக் கையால் எழுதிப் பழகவில்லை என்ற குறையும் இருக்கிறது.

சொந்தமாக ஒரு டேப்லெட்டோ கிண்டிலோ வாங்குவது பயன் தருமா, அல்லது இருப்பதை வைத்துக்கொண்டு முறையை மாற்ற வேண்டுமா என்பதே என் கேள்வி. இதே போன்ற பயணத்தில் படித்துத் தேறியவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.


பரனூர்க்காரர் எழுதியது:

வணக்கம் நண்பரே. நானும் இதே தடத்தில், கிண்டிக்கும் பரனூருக்கும் இடையே, நான்கு ஆண்டுகள் சென்று வந்த காலத்தில்தான் என்3-யும் பிறகு என்2-வும் தேறினேன். எதையும் வாங்க வேண்டாம். உங்கள் இடர்ப்பாடு கருவியில் இல்லை. மேசையில் செய்ய வேண்டிய வேலையை ரயிலுக்குக் கொண்டு சென்றதில் இருக்கிறது.

புதிய இலக்கண அமைப்பு ஒன்றைப் புரிந்துகொள்ள, அதை எழுதிப் பார்த்து, தவறி, திருத்திக்கொள்ளும் அமைதி வேண்டும். நுங்கம்பாக்கத்தில் ஏறியவர் தோளில் இடிக்க, அடுத்த நிலையம் எது என்று ஒரு கண் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த அமைதி கிடைக்காது. ஏற்கெனவே ஒருமுறை புரிந்துகொண்டதை நினைவிலிருந்து வெளியே இழுத்துப் பார்ப்பதற்கோ ரயிலைவிட நல்ல இடமில்லை. ஆகவே உங்கள் இரவு அரை மணி நேரத்தைப் புதிய பாடத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். நாளுக்கு ஓர் இலக்கண அமைப்பு, எட்டுச் சொற்கள், அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் பயணம் முழுவதும் அவற்றையும் பழையவற்றையும் மீட்டெடுப்பதற்கு.

அன்கி என்பதே ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள்படும் சொல். 1885-இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம் நினைவையே சோதித்து எழுதிய நூல் முதல் அறியப்பட்ட உண்மை ஒன்றின் மேல் அது நிற்கிறது: ஒரே நாளில் பத்து முறை படிப்பதைவிட, மறக்கத் தொடங்கும் வேளையில் இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது நெடுநாள் நிற்கும். ஆனால் அந்தச் செயலி தொடக்கத்தில் நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்ற அமைப்போடு வருகிறது. அதை மாற்றாமல் விடுவதுதான் பலருடைய தேக்கத்துக்குக் காரணம். என் அனுபவத்தில், நாளுக்குப் பத்துப் புதிய அட்டைகள் சேர்த்தால் சில வாரங்களில் நாள்தோறும் எண்பது முதல் நூறு அட்டைகள் வரை திரும்பி வரும். இருபது என்றால் இருநூறு. வேலைக்குச் செல்பவர் இருநூறை நாள்தோறும் தாங்க முடியாது.

உங்கள் அறுநூறுக்கு என்ன செய்யலாம்? எனக்கு ஒரு பொங்கல் விடுமுறையில் தொள்ளாயிரம் தேங்கியது. புதிய அட்டைகளின் எண்ணிக்கையைச் சுழியமாக்கிவிட்டு, நாளுக்கு நூற்றிருபது என்ற வரம்பில் தேக்கத்தை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தேன். மூன்று வாரத்துக்குள் கணக்கு நேரானது. ஒரு சொல் எட்டு முறைக்கு மேல் தவறினால் அந்த அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தச் சொல் வரும் ஒரு சிறு வாக்கியத்தைப் புதிய அட்டையாக்குங்கள். தனிச் சொல்லாக நிற்காதது வாக்கியத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நின்றுகொண்டே பயன்படுத்துவதற்கு ஓர் ஏற்பாடு சொல்கிறேன். ஆண்ட்ராய்டுக்கான அன்கி இலவசம்; அதில் விடையைக் காட்டுவதையும், தெரிந்தது, தெரியவில்லை என்று குறிப்பதையும் ஒலியளவுப் பொத்தான்களுக்கு மாற்றி அமைத்துக்கொள்ள முடியும். ஒரு கை மேல்பிடியில் இருக்கும்போது மறு கையின் கட்டைவிரல் மட்டுமே போதும். செல்பேசியை விமானப் பயண நிலையில் வைத்துவிடுங்கள். தரவுகளை வீட்டிலேயே இறக்கி வைத்திருந்தால் இணையம் தேவையில்லை. ஒரு வாட்ஸ்அப் செய்தி மணி அடித்தால் கிண்டியிலிருந்து பல்லாவரம் வரை போய்விடும்.

உங்களிடம் உள்ள மின் அகராதியைப் பற்றி ஒரு சொல். அதைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். செய்தி வராத, விளம்பரம் காட்டாத, ஒரே வேலைக்கென்று பிறந்த கருவி இன்று அரிது. விளக்கத்தில் வரும் இன்னொரு சொல்லைத் தொட்டு அந்தச் சொல்லின் பக்கத்துக்குத் தாவும் வசதி அதில் இருக்கும்; உட்கார்ந்து செல்லும் தாம்பரத்துக்குப் பிந்தைய நேரத்தில் அப்படிச் சொல்லிலிருந்து சொல்லுக்குச் செல்வதே நல்ல வாசிப்பு. ஒரு குறை உண்டு: ஜப்பானியர்களுக்காகவே செய்யப்பட்டது என்பதால் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் கன்ஜியின் மேல் வாசிப்புக் குறிப்பு பெரும்பாலும் இராது. எழுதுகோலால் கன்ஜியை வரைந்து தேடும் பலகை உங்கள் வகையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் குறை பாதி தீர்ந்தது. முன்பெல்லாம் அந்த ஒரு வசதிக்காகவே, 2006-இல் நின்டெண்டோ டிஎஸ் விளையாட்டுக் கருவிக்கு வந்த, வரைந்து தேடும் அகராதியை வெளிநாட்டு மாணவர்கள் தேடி வாங்கினார்கள். நானும் பழையது ஒன்று வைத்திருந்தேன். செல்பேசி விசைப்பலகையிலேயே கையெழுத்து வசதி வந்த பிறகு தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

கிண்டில் பின்னால் உதவும். இப்போது உங்களுக்குத் தேவையானது பக்கங்கள் அல்ல, செவி.


ஓ.எம்.ஆர். பேருந்து எழுதியது:

பரனூர்க்காரர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் கேள்வியில் இருபத்தைந்து நிமிடப் பேருந்துப் பயணமும் இருக்கிறது. நான் வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குப் பேருந்தில் செல்பவள். ஓடும் பேருந்தில் திரையைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் எனக்குத் தலை சுற்றும். அதனால் வேறு வழியின்றிக் காதை மட்டும் நம்பிப் படித்தேன். என்3-இல் எனக்கு மிகக் கூடுதல் மதிப்பெண் வந்தது கேட்டல் பகுதியில்தான்.

நான் செய்தது இது. வகுப்புப் பாடத்தின் ஒலிக்கோப்பை இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாக வெட்டிக்கொள்வேன். திங்கட்கிழமை காலையில் எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் கேட்பேன், பாதி புரியும். அன்று இரவு எழுத்து வடிவத்தை வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் செவி தவறியது என்பதை மட்டும் அடிக்கோடிடுவேன். செவ்வாய் முதல் வெள்ளி வரை அதே துண்டுதான். புதன்கிழமைக்குள் அடுத்து வரப்போகும் சொல் மனத்தில் முன்கூட்டியே ஒலிக்கத் தொடங்கிவிடும். நாளுக்கொரு புதிய ஒலிக்கோப்பு கேட்டவர்கள் என் வகுப்பில் பலர் இருந்தார்கள். ஓசை பழகியது, சொல் பழகவில்லை.

நீங்கள் 23 பெற்றிருப்பதால் என்3 ஒலிகளுக்கு நேரே செல்லாமல், ஜப்பான் பவுண்டேஷன் இலவசமாகத் தரும் இரோதோரி பாடங்களின் ஒலிக்கோப்புகளில் ஒரு மாதம் தங்குங்கள். அவை வேலையிடம், கடை, அக்கம்பக்கம் என்று நடப்பு வாழ்க்கைப் பேச்சுகள், தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒலியின் வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதியைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். தேர்வு அறையில் ஒலி ஒரே முறைதான் வரும், வேகமும் குறையாது.

இயர்போன் பற்றியும் சொல்ல வேண்டும். மின்ரயிலின் திறந்த வாசலருகே இரைச்சலை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதற்கு 80 டெசிபல் வரையே பாதுகாப்பான அளவு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்; அதற்கு மேல் ஏற ஏற அந்த நேரம் விரைந்து சுருங்கும். ரப்பர் முனை காதுத் துளையை நன்றாக அடைக்கும் வகையை வாங்கினால் ஒலியைக் கூட்டத் தேவையில்லை. பணம் செலவழிக்க வேண்டுமென்றால் டேப்லெட்டுக்குப் பதில் இதற்குச் செலவழியுங்கள். ஆனால் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கும் முன்பே இரண்டு காதிலிருந்தும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். காதை அடைத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தவர்களுக்கு நேர்ந்ததை இந்தத் தடத்தில் பயணம் செய்யும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.


ஞாயிறு வகுப்பு ஆசிரியை எழுதியது:

அன்புள்ள மாம்பலம் பயணிக்கு, உங்கள் கேள்வியில் மற்ற இருவரும் கவனிக்காமல் கடந்த ஒரு வரி எனக்குக் கவலை தந்தது. அட்டையின் பின்பக்கம் உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். இன்றே அதை மாற்றத் தொடங்குங்கள். உங்கள் கேட்டல் மதிப்பெண் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஜப்பானிய மொழியில் வானிலைக்கு ஒரு சொல், மின்சாரத்துக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் 'தென்கி' என்றுதான் எழுத முடியும். ஆனால் வானிலையின் முதல் ஒலி நம் 'தந்தை'யின் முதல் எழுத்தைப் போல அதிர்வில்லாதது. மின்சாரத்தின் முதல் ஒலி 'பந்து' என்பதன் கடைசி எழுத்தைப் போல அதிர்வோடு வருவது. தங்கமும் வெள்ளியும் அப்படித்தான். இரண்டும் தமிழ் எழுத்தில் 'கின்'. தங்கத்துக்குக் 'கண்' என்பதன் ககரம், வெள்ளிக்குச் 'சங்கு' என்பதில் வரும் ககரம். நம் மொழியில் இந்த வேறுபாடு இடத்தைப் பொறுத்துத் தானாக அமைவதால் பொருளை மாற்றுவதில்லை. அதனால் எழுத்தும் அதைக் காட்டுவதில்லை. ஜப்பானிய மொழியில் அதுவே பொருளை மாற்றுகிறது. நாள்தோறும் ரயிலில் தமிழ் எழுத்தைப் பார்த்து மனத்துக்குள் படிக்கும்போது, இரண்டு வெவ்வேறு ஒலிகளை ஒன்றாகக் கேட்கும்படி உங்கள் செவிக்கு நீங்களே கற்றுத் தருகிறீர்கள். பின்பக்கத்தில் ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிராகானாவும் ஒலிப்பதிவும் மட்டும் இருக்கட்டும். அட்டை திரும்பியதும் ஒலி தானாக ஒலிக்கும்படி வைத்து, ஒவ்வொரு முறையும் கேட்ட பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

அதே வேளையில் தமிழர்களாகிய நமக்கு வேறு மாணவர்களுக்கு இல்லாத பேறுகளும் உண்டு. அத்தையையும் பாட்டியையும் குறிக்கும் ஒபசன், ஒபாசன் என்ற சொற்களில் குறிலும் நெடிலுமே வேறுபாடு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் இதற்கு மாதக்கணக்கில் திணறுவார்கள், நமக்கு முதல் நாளே கேட்கும். 'வா' என்று பொருள்படும் கிதெ, அஞ்சல் தலையைக் குறிக்கும் கித்தெ என்ற ஒற்று வேறுபாடும் அப்படியே. சுருதி ஏற்ற இறக்கம் மட்டும் நமக்குப் புதியது. தோக்கியோ பேச்சில் 'அமெ' என்பதன் முதல் அசை உயர்ந்தால் மழை, இரண்டாவது உயர்ந்தால் மிட்டாய்.

இலக்கணத்தில் கிடைக்கும் பேறு இன்னும் பெரிது. தபெதெ மிரு என்பது எழுத்துக்கு எழுத்து 'சாப்பிட்டுப் பார்'. கத்தெ ஒகு என்பது 'வாங்கி வை'. வசுரெதெ ஷிமவு என்பது 'மறந்துவிடு'. ஆங்கில விளக்க நூல்கள் ஒரு பக்கம் முழுக்க விளக்கும் இந்தத் துணைவினைகளை நம் வீட்டுப் பாட்டி நாள் முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறார். அதனால் கருவியே வேண்டாத ஒரு பயிற்சியை என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. திரையைப் பார்க்க முடியாத நெரிசலில், பக்கத்தில் நிற்பவர்கள் பேசும் தமிழ் வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை வாய்க்குள் ஜப்பானிய மொழியில் சொல்லிப் பாருங்கள். சொல் வரிசை ஏறக்குறைய அப்படியே நிற்கும். விட்டுப்போவது பெயர்ச்சொல்லோ வினையோதான். எந்தச் சொல் கிடைக்கவில்லையோ அதுதான் அன்றிரவு நீங்கள் அகராதியில் தேட வேண்டிய சொல். பட்டியலிலிருந்து படிக்கும் சொல்லைவிட, தேவைப்பட்டுக் கிடைக்காமல் போன சொல் ஆழப் பதியும் என்பதை வகுப்பில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கன்ஜியைக் கையால் எழுத முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். இந்தத் தேர்வில் எழுதும் பகுதியும் இல்லை, பேசும் பகுதியும் இல்லை. ஆனாலும் ஒத்த வடிவங்களைப் பிரித்தறிய எழுதிப் பார்ப்பது உதவும். ஆண்ட்ராய்டு அன்கியில் திரையின் மேலேயே விரலால் எழுதும் வெண்பலகை உண்டு. உட்கார இடம் கிடைக்கும் நேரத்தில், குழப்பும் எழுத்துகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.


நிஷி-கசாய்வாசி எழுதியது:

தோக்கியோவிலிருந்து எழுதுகிறேன். நம்மவர்கள் நிறைய வாழும் நிஷி-கசாயில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருந்து, தோசாய் என்ற ரயில் தடத்தில் ஓதெமாச்சிக்குச் சென்று வருகிறேன். அந்தத் தடத்தில் கிபாவுக்கும் மொன்சென்-நகாச்சோவுக்கும் இடையே 2019-இல் காலை நேர நெரிசல் 199 விழுக்காடு. இந்த விழுக்காட்டுக்கு இங்குள்ள போக்குவரத்து அமைச்சகம் நெடுங்காலமாகத் தந்துவந்த விளக்கத்தைப் படித்தபோது வியந்தேன். 150 என்றால் செய்தித்தாளை விரித்து எளிதாகப் படிக்கலாம். 180 என்றால் மடித்துச் சிரமப்பட்டுப் படிக்கலாம். 200 என்றால் உடல்கள் நெருக்கும், வார இதழ் அளவிலானதை எப்படியோ படிக்கலாம். 250 என்றால் கையை அசைக்க இயலாது. ஒரு நாடு தன் ரயில் நெரிசலையே வாசிப்பைக் கொண்டு அளந்திருக்கிறது! உங்கள் பயணத்தையும் இந்த அளவுகோலால் பிரித்துப் பாருங்கள். வார இதழ் அளவுக்கு மட்டுமே இடமிருக்கும் நிலையத்தில் டேப்லெட்டுக்கு வேலையில்லை.

ஜப்பானில் இருந்தால் பயணத்திலேயே மொழி தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே பெட்டிக்குள் செல்பேசியில் பேசுவது வழக்கமில்லை. உடன் வருபவர்களும் பெரும்பாலும் மௌனம். எனக்குக் கேட்கக் கிடைப்பது அறிவிப்புகள் மட்டுமே. கேட்டதைத் தொடர்ந்து உரக்கச் சொல்லிப் பழகும் பயிற்சியை இங்கே ரயிலில் செய்யவே முடியாது. நம்மூர் மின்ரயிலின் இரைச்சலில் நீங்கள் முணுமுணுத்தால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அந்த வகையில் நீங்கள் என்னைவிட நல்ல இடத்தில் இருக்கிறீர்கள்.

எனக்கு இங்கே ஆசிரியராக இருந்தவை நிலையப் பெயர்ப்பலகைகள். நிஷி-கசாய் என்ற பெயரை எழுதும் மூன்று கன்ஜிகளில் முதலும் மூன்றாவதும் ஒரே எழுத்து. மேற்கு என்று பொருள். முதலிடத்தில் அதை நிஷி என்றும் கடைசியில் சாய் என்றும் படிக்கிறோம். கிழக்கு-மேற்கு என்று பொருள்படும் தோசாய் என்ற தடத்தின் பெயரிலும் அதே எழுத்து, அங்கே முதல் ஒலி அதிர்ந்து வருகிறது. அதே தடத்தில் உள்ள தோயோச்சோ நிலையத்தின் பெயரில் 'ச்சோ' என்று படிக்கும் எழுத்தை ஓதெமாச்சியில் 'மாச்சி' என்று படிக்க வேண்டும். அகராதியில் ஓர் எழுத்துக்கு நான்கு வாசிப்புகளை வரிசையாகப் பார்த்தபோது ஒன்றும் நிற்கவில்லை. நாள்தோறும் கடக்கும் ஊர்ப் பெயர்களோடு சேர்ந்தபோது, எந்த வாசிப்பு எங்கே என்பது கேள்வியாகவே இல்லாமல் போனது.

உங்களுக்கு அந்தப் பலகைகள் இல்லை. ஆனால் தொழிற்சாலை இருக்கிறது. பரிசோதனைக்குக் கென்சா, குறைபாட்டுக்கு ஃபுர்யோ, அளவுக்குச் சுன்போ, அனுமதிக்கப்பட்ட விலகலுக்குக் கோசா என்று நாள்தோறும் உங்கள் கண்ணில் படும் சொற்களைக் கொண்டு அட்டைகள் செய்யுங்கள். நிறுவனத்தின் வரைபடங்களைச் செல்பேசியில் படம் பிடிக்காதீர்கள். அது வேலைக்கே கேடாகலாம். ஒரு சிறு தாளில் சொல்லை மட்டும் கையால் எழுதி வந்து, இரவில் அட்டையாக்குங்கள். கன்ஜியை எழுதிப் பழகவில்லை என்ற உங்கள் குறையும் அதனாலேயே கொஞ்சம் தீரும். பொதுப் பயன்பாட்டுக்கென்று அரசு வரையறுத்த கன்ஜிகள் 2136. அவற்றை முதலிலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். தம் தொழிலின் முந்நூறு எழுத்துகளிலிருந்து தொடங்கியவர்கள் நின்று பிடித்தார்கள்.


மாம்பலம் பயணி எழுதியது:

நால்வருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பதில் எழுதுவதற்கு முன் செய்து பார்த்துவிட வேண்டும் என்று ஏழு வாரம் காத்திருந்தேன்.

டேப்லெட்டை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரப்பர் முனை வைத்த, கம்பியுள்ள இயர்போன் ஒன்று மட்டும் வாங்கினேன். இப்போது மாம்பலத்திலிருந்து தாம்பரம் வரை ஒலித்துண்டு. தாம்பரத்துக்குப் பிறகு அன்கி. நிறுவனப் பேருந்தில் மீண்டும் அதே ஒலித்துண்டு. மாலையில் பொத்தேரி வரை மின் அகராதி, அதன் பிறகு ஆசிரியை சொன்ன வாய்க்குள் மொழிபெயர்க்கும் பயிற்சி. தேக்கம் பதினெட்டு நாளில் தீர்ந்தது. தமிழில் எழுதிய உச்சரிப்புகளை நீக்குவதுதான் மிகக் கடினமாக இருந்தது. ஆயிரத்து நூறு அட்டைகளையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதால், தவறும் அட்டைகளை மட்டும் இரவில் மாற்றி வருகிறேன். தங்கத்தையும் வெள்ளியையும் செவியால் பிரிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. இத்தனை நாள் அவற்றை ஒன்றாகவே கேட்டிருக்கிறேன் என்பதை எண்ணும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

எல்லா நாளும் இப்படியே நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். இரவுப் பணி முடிந்து வரும் நாள்களில் உறங்கிவிடுகிறேன். அன்று அட்டைகளைத் தொடுவதில்லை. மறுநாள் கூடுதலாக வருவதை நூற்றிருபது என்ற வரம்பு தாங்கிக்கொள்கிறது.

சென்ற வாரம் புதிய ஜப்பானிய மேலாளர் கூட்டத்துக்கு முந்தைய நாள் ஒரு கட்டுத் தாள்களை என் மேசையில் வைத்து, 'யொந்தெ ஒயிதெ குதசாய்' என்று சொல்லிவிட்டுப் போனார். மொழிபெயர்ப்பாளர் திரும்பிப் பார்ப்பதற்குள் 'படித்து வையுங்கள்' என்று எனக்குத் தமிழிலேயே கேட்டுவிட்டது. அன்று மாலை அந்தத் தாள்களில் இருந்த சொற்களில் பதினான்கைத் தாளில் குறித்துக்கொண்டு ரயில் ஏறினேன். ஒன்பதுக்கு அகராதி தேவைப்பட்டது.

ஆசிரியையிடம் இன்னும் ஒரு கேள்வி. வாசித்தல் பகுதிக்கு நேரம் போதவில்லை. தாம்பரத்துக்குப் பிந்தைய இருக்கை நேரத்தில் பாதியை எளிய கதை வாசிப்புக்கு மாற்றலாமா, அல்லது கேட்டல் இன்னும் உறுதிப்படும் வரை பொறுத்திருக்க வேண்டுமா?


ஞாயிறு வகுப்பு ஆசிரியை எழுதியது:

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மாற்றுங்கள். உங்கள் நிலைக்கு ஒரு படி கீழே உள்ள கதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியைத் தொடாமல், புரியாத இடத்தைத் தாண்டிச் சென்று, கதை பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறிவிடுங்கள். ததோகு எனப்படும் மிகுவாசிப்பு இயக்கத்தினர் தரம் பிரித்த சிறு கதைகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். செல்பேசித் திரையிலேயே படிக்கலாம். இயர்போனைக் கழற்றிவிட்டுப் படியுங்கள். ஒலித்துண்டுகளை மட்டும் எக்காரணத்துக்காகவும் குறைக்காதீர்கள். டிசம்பருக்கு இன்னும் இருபத்திரண்டு வாரங்கள் இருக்கின்றன, அதாவது இன்னும் இருபத்திரண்டு ஒலித்துண்டுகள்.